ராத்திரி 11 மணிப் பசி: எடை குறைக்கிறவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள்

காரைக்குடியில் கல்லுக்கட்டிப் பக்கம் பாத்திரக்கடை வைத்திருக்கிறேன். வயது 47. இரண்டு வருடத்துக்கு முன்னால் 92 கிலோ இருந்தேன், இப்போது 77. இந்த 15 கிலோ இறங்க 16 மாதம் ஆனது. காலை நடை பழகிவிட்டது, இனிப்பைக் குறைப்பதும் பழகிவிட்டது, ஆனால் ராத்திரி பத்தரைக்கு மேல் வருகிற பசியோடுதான் நான் ரொம்ப நாள் மல்லுக்கட்டினேன். நடக்க வருகிற நண்பர்கள், கடைக்கு வருகிற ஆச்சிமார், சொந்தக்காரர்கள் கேட்கிற கேள்விகளில் பாதிக்கு மேல் இந்தப் பசியைப் பற்றித்தான் இருக்கிறது, அதனால் கேட்டதையெல்லாம் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். நான் டாக்டர் இல்லை, படித்ததையும் என் உடம்பில் பார்த்ததையும் சொல்கிறேன். சுகருக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் கீழே அவர்களுக்கென்று இருக்கும் பதிலை முதலில் படித்துவிடுங்கள்.

பகலெல்லாம் சமாளித்துவிடுகிறேன் அண்ணே, ராத்திரி ஆனால் மட்டும் ஏன் இந்தப் பசி?

இரண்டு காரணம். முதலாவது, உடம்புக்குள்ளே ஓடுகிற கடிகாரம். 2013-ல் அமெரிக்காவில் ஒரு சோதனை செய்தார்கள். 12 பேரை மங்கலான வெளிச்சத்தில், மணி என்னவென்று தெரியாதபடி, கிட்டத்தட்ட இரண்டு வாரம் தங்க வைத்து, சாப்பாட்டைச் சமமான இடைவெளியில் கொடுத்துப் பார்த்தார்கள். அப்படி இருந்தும் உடம்பின் கணக்கில் காலை 8 மணி வாக்கில் பசி மிகக் குறைவாகவும், இரவு 8 மணி வாக்கில் மிக அதிகமாகவும் இருந்தது. எப்போது சாப்பிட்டார்கள், எப்போது தூங்கினார்கள் என்பதற்குச் சம்பந்தமில்லாமல் அந்த ஏற்ற இறக்கம் தானாக நடந்தது. ராத்திரி பசிக்கிறது என்றால் உங்களுக்கு வைராக்கியம் இல்லை என்று அர்த்தமில்லை. எல்லோருக்கும் அந்த நேரத்தில் பசி ஏறத்தான் செய்யும்.

இரண்டாவது காரணம்தான் நம் கையில் இருக்கிறது. காலையிலும் மதியமும் நீங்கள் என்ன சாப்பிட்டீர்கள்? எடை குறைக்க ஆரம்பித்த முதல் மாதம் நான் காலையில் இரண்டு இட்லி, மதியம் ஒரு கரண்டி சாதமும் ரசமும், சாயங்காலம் வெறும் டீ என்று இருந்தேன். கடையில் வேலை ஓடிக்கொண்டே இருந்ததால் பகலில் எதுவும் தெரியவில்லை, பெருமையாகக்கூட இருந்தது. ஷட்டரை இழுத்துப் பூட்டிவிட்டு வீட்டுக்கு வந்து உட்கார்ந்தால் அன்றைக்குச் சாப்பிடாமல் விட்டது எல்லாம் சேர்ந்து வரும். நாலு தோசை சாப்பிட்டு எழுந்து, அரை மணி நேரத்தில் மறுபடி அடுப்படிப் பக்கம் போய் நிற்பேன். ராத்திரிப் பசியின் வேர் பெரும்பாலும் பகலில்தான் இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள எனக்கு நாலு மாதம் ஆனது, இந்தப் பக்கம் முழுவதும் நான் சொல்லப்போவது கிட்டத்தட்ட அதைச் சுற்றித்தான்.

அப்படியானால் காலையில் நிறைய சாப்பிட வேண்டுமா?

நிறைய என்று இல்லை, ஒழுங்காக. காலை இட்லியோடு ஒரு அவித்த முட்டை, இல்லையென்றால் பாசிப்பயறு சுண்டல் ஒரு கிண்ணம். மதியம் சாதத்தை ஒரேயடியாக வெட்ட வேண்டாம், சாதத்தின் அளவைக் கொஞ்சம் குறைத்து அந்த இடத்தில் பருப்பு, பொரியல், மீன், கறி ஏதாவது கூட்டுங்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் (ICMR) 2020-ல் வெளியிட்ட கணக்குப்படி ஒருவருக்கு ஒரு நாளைக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும். 60 கிலோ என்றால் சுமார் 50 கிராம். ஒரு இட்லியில் 2 கிராம் அளவுக்குத்தான் இருக்கும், ஒரு முட்டையில் 6 கிராம். நாலு இட்லி, கொஞ்சம் சாம்பார், மதியம் ரசம் சாதம், ராத்திரி இடியாப்பம் என்று ஓட்டினால் 50 கிராம் எங்கிருந்து வரும்? வயிறு அதைத்தான் ராத்திரி கேட்கிறது என்பது என் எண்ணம்.

இது நிஜப் பசியா, நாக்கு கேட்கிறதா, எப்படித் தெரிந்துகொள்வது?

நான் ஒரு சோதனை வைத்திருக்கிறேன். மதியம் மிச்சமான கீரையோ, ஆறிப்போன இட்லியோ எடுத்து வைத்தால் சாப்பிடத் தோன்றுகிறதா? தோன்றினால் வயிறு கேட்கிறது, சாப்பிடுங்கள். "அது வேண்டாம், சீயம் இருந்தால் சாப்பிடலாம்" என்று மனசு சொன்னால் அது நாக்கு. வயிற்றுப் பசி மெதுவாக ஏறும், எது கொடுத்தாலும் அடங்கும். நாக்குப் பசி திடீரென்று வரும், ஒரே பண்டத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டு வரும்.

சில நாள் இரண்டும் இல்லை. கடையில் ஒருவரோடு வாக்குவாதம் ஆகியிருக்கும், பாக்கி வராத கவலை இருக்கும், அல்லது வீடு அடங்கிய பிறகு தனியாக உட்கார்ந்திருக்கிற அந்த ஒரு மணி நேரம் மட்டும்தான் நமக்கென்று இருக்கும், அதற்குத் துணையாக வாயில் ஏதாவது வேண்டும். இதைச் சாப்பாட்டால் சரிசெய்ய முடியாது. முகப்புத் திண்ணையில் வந்து பத்து நிமிடம் காற்றில் உட்கார்ந்தால் எனக்குப் பாதி அடங்கிவிடுகிறது, உங்களுக்கு வேறு ஏதாவது இருக்கலாம்.

8 மணிக்கு மேல் சாப்பிடுவது எல்லாம் கொழுப்பாகிவிடும் என்கிறார்களே, உண்மையா?

அப்படியே உண்மை இல்லை. 7.59-க்குச் சாப்பிட்ட இட்லிக்கும் 8.01-க்குச் சாப்பிட்ட இட்லிக்கும் வித்தியாசம் கிடையாது. ஒரு நாள் முழுக்க எவ்வளவு உள்ளே போகிறது என்பதுதான் பெரிய கணக்கு. ஆனால் நேரத்துக்கு ஒரு பங்கும் இல்லை என்றும் சொல்ல முடியாது. 2022-ல் பாஸ்டனில் 16 பேருக்கு அதே சாப்பாட்டை ஒரு தடவை வழக்கமான நேரத்திலும், இன்னொரு தடவை நாலு மணி நேரம் தள்ளியும் கொடுத்துப் பார்த்தார்கள். தள்ளிச் சாப்பிட்டபோது பசி கூடியது, உடம்பு செலவழிக்கிற சக்தியும் கொஞ்சம் குறைந்தது. ஆகவே முடிந்தவர்கள் முன்னால் சாப்பிடுங்கள். முடியாதவர்கள் "மணி தாண்டிவிட்டது, இனி எல்லாம் வீண்" என்று பயந்து பட்டினியாகப் படுக்க வேண்டாம்.

எனக்குக் கடை பூட்டவே 9.30 ஆகிறது. 7 மணிக்குச் சாப்பிடு என்று டாக்டர் சொல்கிறார். எப்படி?

இந்தக் கேள்வி என் கேள்வியும்தான். காரைக்குடியிலும் தேவகோட்டையிலும் கடைத்தெருவில் இருக்கிற பாதிப் பேருக்கு இதே நிலைமை. நான் ராத்திரிச் சாப்பாட்டை இரண்டாக உடைத்துவிட்டேன். ஆறரை மணிக்குக் கடையிலேயே ஒரு கிண்ணம் சுண்டல், கொண்டைக்கடலையோ தட்டைப்பயறோ, வீட்டிலிருந்து மதியமே தூக்கில் வந்துவிடும். சில நாள் இரண்டு முட்டை. அதை நான் நொறுக்குத் தீனி என்று நினைப்பதில்லை, ராத்திரிச் சாப்பாட்டின் முதல் பாதி என்றே நினைக்கிறேன். அந்த நினைப்பு முக்கியம், இல்லையென்றால் சுண்டலும் சாப்பிட்டு, வந்து முழுச் சாப்பாடும் சாப்பிடுவோம். பத்து மணிக்கு வீட்டில் இரண்டு இட்லி அல்லது ஒரு தோசை, காய்கறி, ஒரு டம்ளர் மோர். அவ்வளவுதான்.

இதைத் தொடங்கிய பிறகுதான் திரும்பி வருகிற வழியில் புரோட்டாக் கடை முன்னால் வண்டி தானாக நிற்பது நின்றது. ஒரு புரோட்டா அளவைப் பொறுத்து 200 முதல் 300 கலோரி வரும், அதிலும் ஒன்றோடு யாரும் எழுந்ததில்லை. பசியோடு அந்தக் கல்லின் சத்தத்தையும் சால்னா வாசனையையும் தாண்டி வருவது மனுஷனால் ஆகிற காரியம் இல்லை. ஆறரை மணிச் சுண்டல் உள்ளே இருந்தால் தாண்டிவிடலாம்.

சென்னையிலிருந்து பல்லவன் ரயிலில் ராத்திரி வந்து இறங்குகிறவர்களுக்கும் இதையே சொல்கிறேன். ரயிலில் வருகிற வடையை நம்பாமல் கையில் ஏதாவது கட்டிக்கொண்டு ஏறுங்கள்.

ராத்திரிச் சாப்பாட்டையே நிறுத்திவிட்டால் சீக்கிரம் குறையாதா?

இரண்டு மூன்று நாள் தராசு முள் இறங்கும், அதில் பெரும்பகுதி தண்ணீர். அப்புறம் நாலாம் நாள் பதினொன்றரை மணிக்குப் பலகாரத்தைத் திறப்பீர்கள். என் அனுபவத்தில் மட்டும் சொல்லவில்லை. 1944-45-ல் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்ற விஞ்ஞானி 36 ஆரோக்கியமான இளைஞர்களை வைத்து, அவர்களுடைய சம்மதத்தோடு, ஆறு மாதம் ஏறக்குறையப் பாதிச் சாப்பாட்டில் வைத்துப் பார்த்தார். போரில் பட்டினி கிடந்தவர்களை எப்படி மீட்பது என்று தெரிந்துகொள்வதற்காகச் செய்தது. அந்த இளைஞர்களுக்குப் பேச்சு, கனவு எல்லாம் சாப்பாடு ஆகிப்போனது, சமையல் புத்தகங்களை உட்கார்ந்து படித்தார்கள். உடம்பைப் பட்டினி போட்டால் மனசு முழுக்கச் சாப்பாட்டின் மேல் போய் நிற்கும்.

ஒரு கிலோ கொழுப்பில் சுமார் 7700 கலோரி இருக்கிறது. அதை ஒரு வாரத்தில் எரிக்க நினைத்தால் ஒரு நாளைக்கு 1100 கலோரி குறைக்க வேண்டும், நம்மில் பலருக்கு அது அன்றாடச் சாப்பாட்டில் பாதி. வாரத்துக்கு அரைக் கிலோ, சில வாரம் கால் கிலோ என்று இறங்கினால் போதும். எனக்குச் சராசரியாக வாரத்துக்குக் கால் கிலோ போலத்தான் இறங்கியது, ராத்திரி தூங்கவும் முடிந்தது.

சரி, ராத்திரிக்கு என்ன சாப்பிட்டால் மறுபடி பசிக்காது?

எங்கள் பக்கத்து ராத்திரிப் பலகாரம் என்றால் இட்லி, தோசை, இடியாப்பம், ஆப்பம், தொட்டுக்கொள்ள வரமிளகாய்ச் சட்னி, கோசமல்லி. ருசிக்குக் குறைவே இல்லை, ஆனால் பெரும்பாலும் அரிசி, உருளைக்கிழங்கு, எண்ணெய். சீக்கிரம் செரித்துவிடுகிறது. காரமும் புளிப்பும் உள்ள சட்னி இருந்தால் இரண்டு இட்லி நாலாகிறதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். இதையெல்லாம் விட்டுவிட்டு ஓட்ஸ் கஞ்சிக்குப் போங்கள் என்று சொல்ல மாட்டேன், அப்படிப் போனவர்கள் யாரும் மூன்று வாரம் தாண்டவில்லை.

என் வீட்டில் செய்த மாற்றங்கள் சின்னவை. கோசமல்லியில் உருளைக்கிழங்கைக் குறைத்து கத்தரிக்காயைக் கூட்டி, கொஞ்சம் பாசிப்பருப்பு வேகவைத்துச் சேர்க்கிறார்கள், கெட்டியாகவும் ஆகிறது. வாரத்தில் இரண்டு நாள் தோசைக்குப் பதில் அடை, அல்லது பச்சைப்பயறு ஊறவைத்து அரைத்த தோசை. வெண்டைக்காய் மண்டி செய்தால் ஒரு கிண்ணம் நிறைய காய் எனக்கு, புளிப்பும் உறைப்பும் இருப்பதால் இரண்டு இட்லிக்கு அது தாராளம். கறி எடுக்கிற ஞாயிற்றுக்கிழமை நாலைந்து துண்டு கறி ராத்திரிக்கு எடுத்து வைத்துவிடுவேன், கூட ஒரு தோசை. தட்டில் முதலில் காயும் பருப்பும் உட்கார வேண்டும், அப்புறம் இட்லி. இந்த வரிசை மாறினால் போதும், மூன்றாவது இட்லிக்கு இடம் இருக்காது.

எண்ணெயைக் கவனியுங்கள். ஒரு டீஸ்பூன் எண்ணெயில் சுமார் 45 கலோரி, கிட்டத்தட்ட ஒரு இட்லி. இட்லிப்பொடிக்கு நல்லெண்ணெய் ஊற்றும்போது யாரும் டீஸ்பூனில் ஊற்றுவதில்லை. நான் இப்போது ஊற்றுகிறேன்.

வீட்டில் தேங்குழலும் சீப்புச்சீடையும் சம்படம் சம்படமாக இருக்கிறது. கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது.

இது செட்டிநாட்டுக்கே உரிய கஷ்டம். வேறு ஊர்க்காரர்களுக்கு "வீட்டில் வாங்கி வைக்காதீர்கள்" என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். நமக்கு அப்படி இல்லை. கல்யாணம், சாந்தி (அறுபதாம் கல்யாணம்), புதுமனை என்று எங்கே போனாலும் பலகாரம் வந்து சேரும், வீட்டுக்கு யார் வந்தாலும் தட்டில் வைத்துக் கொடுத்தாக வேண்டும், அப்பத்தா காலத்திலிருந்து சம்படம் காலியாக இருப்பது வீட்டுக்கு நல்லதில்லை என்றே பழகியிருக்கிறோம். அந்த வழக்கத்தை நான் மதிக்கிறேன், அதை விட்டுவிடச் சொல்ல மாட்டேன்.

நான் செய்தது இதுதான். சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில் கண்ணாடி பாட்டிலில் இருந்த பலகாரத்தை எடுத்து, இறுக்கமான மூடி உள்ள எவர்சில்வர் சம்படத்தில் போட்டு, வீட்டின் பின்பகுதியான இரண்டாங்கட்டில் மேல் அலமாரியில் ஏற்றிவிட்டேன். எட்டி எடுக்க ஸ்டூல் வேண்டும். கண்ணில் படாததும், எடுக்க நாலு அடி நடக்க வேண்டியிருப்பதும் எவ்வளவு வித்தியாசம் செய்கிறது என்பது செய்து பார்த்தால்தான் தெரியும். இரண்டாவது, பலகாரத்துக்கு ஒரு நேரம் வைத்தேன். சாயங்காலம் நாலரை மணி டீயோடு ஒரு தேங்குழல் அல்லது இரண்டு மூன்று சீடை, தட்டில் எடுத்து வைத்து. ராத்திரியில் கிடையாது. நாளைக்கு நாலரைக்குக் கிடைக்கும் என்று தெரிந்தால் ராத்திரி மனசு அவ்வளவு அடம்பிடிப்பதில்லை. அறவே கூடாது என்று வைத்திருந்த மாதங்களில்தான் நான் அதிகம் சாப்பிட்டேன்.

சம்படத்துக்குள் நேராகக் கையை விடாதீர்கள். எண்ணெயில் பொரித்த தேங்குழல், முறுக்கு 100 கிராமில் சுமார் 500 கலோரி இருக்கிறது. அப்படியே எடுத்துச் சாப்பிட்டால் 100 கிராம் எப்போது போனது என்று தெரியாது.

அதிரசம், மாவுருண்டை, கந்தரப்பம் இதெல்லாம் வந்தால் அன்றைக்கே கடைப் பையன்களுக்கும் பக்கத்து வீட்டுக்கும் பிரித்துக் கொடுத்துவிடுகிறோம். கொடுத்தால் எல்லோருக்கும் சந்தோஷம்.

இப்போது மணி 11. நிஜமாகவே பசிக்கிறது. என்ன சாப்பிடட்டும்?

சாப்பிடுங்கள், பசியோடு புரண்டு கொண்டிருக்க வேண்டாம். 100 முதல் 150 கலோரிக்குள், கொஞ்சம் புரதம் உள்ளதாக இருக்கட்டும். பொட்டுக்கடலை ஒரு கைப்பிடி, அதாவது 30 கிராம், சுமார் 110 கலோரி, 6 கிராம் புரதம். இது என் முதல் தேர்வு, மென்று முடிக்க நேரமும் ஆகிறது. ஒரு அவித்த முட்டை 75 கலோரி. சர்க்கரை போடாத பால் ஒரு டம்ளர். பெருங்காயமும் கறிவேப்பிலையும் போட்ட நீர்மோர் என்றால் இரண்டு டம்ளர்கூடக் குடிக்கலாம். ஒரு கொய்யாப்பழம். நிலக்கடலையும் நல்லதுதான், ஆனால் 100 கிராமில் 550 கலோரிக்கு மேல் இருப்பதால் எண்ணித்தான் எடுக்க வேண்டும்.

பிஸ்கட் வேண்டாம். நாலு என்று தொடங்கினால் பாக்கெட் முடிந்துதான் நிற்கும், பசியும் அடங்காது. மிக்சரும் அப்படித்தான்.

விளக்கைப் போட்டு, உட்கார்ந்து, தட்டில் வைத்துச் சாப்பிடுங்கள். ஃபிரிட்ஜ் வெளிச்சத்தில் நின்றுகொண்டு சாப்பிட்டது எதுவும் வயிற்றுக்குச் சாப்பிட்டதாகவே தெரிவதில்லை. செல்போனையும் அந்த ஐந்து நிமிடம் தள்ளி வைத்துவிடுங்கள்.

தண்ணீர் குடித்தால் பசி போய்விடுமா?

கொஞ்ச நேரம் வயிறு நிறைந்தது போல இருக்கும். நம் ஊர் வெயிலில் பகலெல்லாம் சரியாகத் தண்ணீர் குடிக்காதவர்களுக்கு நிஜமாகவே உதவும். பசியே என்றால் போகாது, நடு இரவில் ஒன்றுக்குப் போக எழுந்து தூக்கம் கெடுவதுதான் மிச்சம்.

தம்பி, கவுனி அரிசி சாப்பிட்டால் உடம்பு இளைக்கும் என்கிறார்களே?

ஆச்சி, கவுனி அரிசி நல்ல அரிசி. தவிடு நீக்காமல் சமைப்பதால் நார்ச்சத்து கூட, அந்தக் கறுப்பு நிறத்திலேயே ஒரு சத்து இருக்கிறது, வெள்ளை அரிசியை விட நேரம் பிடித்துச் செரிக்கும். ஆனால் கலோரியில் பெரிய வித்தியாசம் கிடையாது. அதைவிட, நாம் கவுனி அரிசியைச் சாதமாகவா சாப்பிடுகிறோம்? சர்க்கரை, தேங்காய்ப்பூ, நெய் எல்லாம் போட்டு இனிப்பாகத்தான் சாப்பிடுகிறோம். அதை இளைக்கிற சாப்பாட்டில் சேர்க்க முடியாது. கஞ்சியாகவோ இட்லியாகவோ செய்தால் சரி. கும்மாயத்துக்கும் இதே பதில்தான், உளுந்தும் பாசிப்பருப்பும் நல்லது, கருப்பட்டியும் நெய்யும் அளவு பார்க்க வேண்டியது.

தூக்கத்துக்கும் பசிக்கும் சம்பந்தம் இருக்கிறதா?

ரொம்ப இருக்கிறது, இதை யாரும் காதில் வாங்குவதில்லை என்பதுதான் வருத்தம். நம் இரைப்பையில் கிரெலின் என்று ஒரு ஹார்மோன் சுரக்கிறது, 1999-ல் ஜப்பானில் கண்டுபிடித்தார்கள், அது பசியைத் தூண்டும். கொழுப்பிலிருந்து லெப்டின் என்று இன்னொன்று வருகிறது, அது போதும் என்று சொல்லும். 2004-ல் சிகாகோவில் 12 இளைஞர்களை இரண்டு ராத்திரி 4 மணி நேரம் மட்டும் தூங்க விட்டார்கள், இன்னொரு முறை இரண்டு ராத்திரி 10 மணி நேரம் படுக்க விட்டார்கள். தூக்கம் குறைந்தபோது கிரெலின் 28 சதவீதம் கூடியது, லெப்டின் 18 சதவீதம் குறைந்தது, பசியும் கூடியது, அதிலும் இனிப்பு, உப்புத் தீனி, மாவுப் பண்டம் மேல்தான் ஆசை அதிகம் போனது. இரண்டே ராத்திரியில்.

ஒரு மணி வரை செல்போன் பார்த்துக்கொண்டிருந்தால் பசிக்காமல் என்ன செய்யும்? பதினொன்றுக்குப் படுத்தவனுக்குப் பன்னிரண்டு மணிப் பசி தெரியவே தெரியாது. காபியையும் பாருங்கள், உள்ளே போன காபீனில் பாதி வெளியேறவே ஐந்து மணி நேரம் போல ஆகும். கடையில் ஏழு மணிக்குக் குடித்த டிகிரி காபி என்னைப் படுத்திய பாடு கொஞ்சமில்லை, இப்போது நாலரைக்கு மேல் காபி இல்லை.

தினமும் சில மணி நேரத்துக்குள் மட்டும் சாப்பிட்டு மற்ற நேரம் விரதம் இருக்கிற இன்டர்மிட்டன்ட் ஃபாஸ்டிங் இருக்கலாமா?

உங்களுக்கு ஒத்துவந்தால் இருக்கலாம், ராத்திரி சாப்பாட்டுக்கு ஒரு கதவு அடைப்பது போல அது சிலருக்கு நன்றாகவே உதவுகிறது. ஆனால் அதில் தனி மாயம் எதுவும் இல்லை. 2022-ல் வெளியான ஒரு சீன ஆய்வில் 139 பேரை ஒரு வருடம் பார்த்தார்கள். எல்லோருக்கும் கலோரியைக் குறைத்தார்கள், பாதிப் பேர் மட்டும் காலை 8 முதல் மாலை 4-க்குள் சாப்பிட்டு முடித்தார்கள். இரண்டு கூட்டமும் குறைத்த எடையில் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. மதியம் 12-க்குத் தொடங்கி 8-க்கு முடித்துவிட்டு பதினோரு மணிக்குத் தவிக்கிறீர்கள் என்றால் அந்த முறை உங்களுக்கு இல்லை, விட்டுவிடுங்கள்.

நடு ராத்திரி எழுந்து போய்ச் சாப்பிட்டுவிட்டுத்தான் மறுபடி தூக்கம் வருகிறது. இதுவும் சாதாரணமா?

எப்போதாவது என்றால் பரவாயில்லை. வாரத்தில் இரண்டு மூன்று ராத்திரி இப்படி நடக்கிறது, அல்லது நாள் முழுக்கச் சாப்பிடுவதில் கால்வாசி ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் போகிறது, காலையில் சாப்பாடே பிடிக்கவில்லை, மனசும் சோர்வாக இருக்கிறது என்றால் அது வெறும் பசி இல்லை. அதற்கு ஒரு பெயரே இருக்கிறது, இரவு உண்ணும் நோய், 1955-லேயே அமெரிக்க மருத்துவர் ஸ்டன்கார்ட் எழுதி வைத்தது. இதற்குச் சிகிச்சை இருக்கிறது, மனநல மருத்துவரிடம் போவதில் வெட்கப்பட எதுவுமே இல்லை. அதேபோல நிறையச் சாப்பிட்டும் எடை குறைந்துகொண்டே போனால் தைராய்டும் சுகரும் பார்க்க வேண்டும். ஸ்டீராய்டு, மனநலத்துக்கான சில மாத்திரைகள் பசியைக் கூட்டும். அவற்றை நீங்களாக நிறுத்தாதீர்கள், கொடுத்த டாக்டரிடமே சொல்லுங்கள்.

எனக்குச் சுகர் இருக்கிறது. ராத்திரி பசியை அடக்கிக்கொண்டு படுக்கலாமா?

கூடாது. இதை அழுத்தமாகச் சொல்கிறேன். இன்சுலின் போடுகிறவர்கள், கிளிமெபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரை எடுப்பவர்கள் சாப்பாட்டைக் குறைத்தால் ராத்திரியில் சுகர் சட்டென்று இறங்கலாம். அப்போது வருகிற பசி வேறு மாதிரி இருக்கும், வேர்க்கும், கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், தலை கிறுகிறுக்கும், பேச்சு குழறும். என் மச்சானுக்கு இது நடந்தது. யாரிடமும் சொல்லாமல் ராத்திரிச் சாப்பாட்டை விட்டுவிட்டு மாத்திரையை மட்டும் வழக்கம்போல் போட்டுக்கொண்டு படுத்திருக்கிறார். இரண்டு மணிக்கு வேர்த்துக் கொட்டி எழுந்தவரை ஆத்தாதான் பார்த்து, சர்க்கரைத் தண்ணீர் கொடுத்துக் காப்பாற்றினார்கள். அந்த ராத்திரியை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு சில்லிடுகிறது.

இந்த மாதிரி இருந்தால் உடனே மெஷினில் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால், அல்லது மெஷின் கையில் இல்லையென்றால், காத்திருக்காமல் மூன்று டீஸ்பூன் சர்க்கரையோ 15 கிராம் குளுக்கோஸோ தண்ணீரில் கலந்து குடித்துவிட்டு, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள், ஏறவில்லையென்றால் மறுபடி குடியுங்கள். ஏறிய பிறகு இட்லியோ பாலோ சாப்பிடுங்கள். சாக்லேட் அதற்கு ஆகாது, கொழுப்பு இருப்பதால் சர்க்கரை மெதுவாகத்தான் ஏறும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108-க்குக் கூப்பிடுங்கள். 2023-ல் வெளிவந்த கணக்குப்படி நம் நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் சுகர் இருக்கிறது, அதனால் எடை குறைக்கிற பேச்சு எடுத்தாலே இதைச் சொல்லாமல் விடக்கூடாது என்று நினைக்கிறேன். சாப்பாட்டை மாற்றுவதற்கு முன்னால் டாக்டரிடம் மாத்திரை அளவைப் பேசிவிடுங்கள்.

வீட்டில் "இன்னும் ஒரு தோசை" என்று வைத்துக்கொண்டே இருக்கிறார்களே?

நம் பக்கத்தில் போதும் என்று சொன்னால் அது முதல் போதும், இன்னும் இரண்டு உண்டு என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். கோபப்படாதீர்கள், அது பிரியம். நான் சாப்பிட உட்காரும் முன்பே ஆத்தாவிடம் சொல்லிவிடுவேன், "இன்றைக்கு ஒரு தோசை, கோசமல்லி ரெண்டு கரண்டி" என்று. தோசை கல்லில் இருக்கும்போது வேண்டாம் என்றால் மனசு சங்கடப்படும், மாவு கரைக்கும்போதே சொன்னால் சங்கடம் இல்லை. ஆத்தாவுக்கு ஆரம்பத்தில் பயம், பிள்ளை இளைத்துப்போகிறான் என்று. ரத்த அழுத்தம் இறங்கிய ரிப்போர்ட்டைக் காட்டிய பிறகு அவர்களே மண்டிக்கு வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருக்கிறார்கள்.

ஒரு நாள் கல்யாண வீட்டில் ராத்திரி நிறையச் சாப்பிட்டுவிட்டேன். மறுநாள் பட்டினி இருக்கவா?

வேண்டாம். பட்டினி இருந்தால் மறுநாள் ராத்திரியும் அதே கதைதான். காலையில் பசி எடுத்ததும் வழக்கமான சாப்பாடு, வழக்கமான நடை.

எத்தனை நாளில் இந்தப் பசி குறையும்?

எனக்குப் பகல் சாப்பாட்டைச் சரிசெய்த இரண்டாவது வாரத்திலேயே வித்தியாசம் தெரிந்தது, பதினோரு மணிப் பழக்கம் முழுசாக விட இரண்டு மாதம் போல ஆனது. எடை இறங்க இறங்க உடம்பு கொஞ்சம் அதிகமாகப் பசியைக் காட்டும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள், இழந்ததைத் திரும்பப் பிடிக்க அது முயற்சி செய்கிறது. 80 கிலோவுக்குக் கீழே வந்தபோது எனக்கு மறுபடி பசி கூடியது. அப்போது சாப்பாட்டை இன்னும் குறைக்காமல் ஒரு மாதம் அதே எடையில் நின்றேன். பிறகு தானாக அடங்கியது.

பிள்ளைகளும் கர்ப்பிணிகளும் இதையெல்லாம் பின்பற்றலாமா?

கர்ப்பமாக இருப்பவர்கள், பால் கொடுப்பவர்கள் எடை குறைக்கிற நேரம் இது இல்லை, பசித்தால் சாப்பிட வேண்டும். பிள்ளைகள் வளர்கிறவர்கள். எட்டாவது படிக்கிற என் மகன் டியூஷன் முடிந்து ராத்திரி ஒன்பதரைக்கு வந்து பசிக்கிறது என்பான். அவனிடம் கலோரி, கிலோ என்ற பேச்சே எடுப்பதில்லை. இரண்டு முட்டை ஊற்றி ஒரு தோசை, ஒரு டம்ளர் பால் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்துகொள்வேன்.